901 ஆய்வுகளில் இருந்து ஒரு வரைபடம்: ஏழை நாடுகளின் கால்நடைகளில் மருந்து எதிர்ப்பை எப்படி எண்ணுகிறார்கள்?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: "இந்தியா, கென்யா, வியட்நாம் மாதிரி நாடுகளில் கோழி, பன்றி, மாடுகளிடம் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று உலக வரைபடம் போடுகிறார்கள். இந்த நாடுகளில் பலவற்றில் அதைக் கண்காணிக்க முறையான அரசு ஏற்பாடே இல்லை. அப்படியானால் எண்கள் எங்கிருந்து வந்தன? நம்பலாமா? ஒரு சின்ன ஆய்வகத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர் இதில் என்ன செய்ய முடியும்?"

கால்நடை நுண்ணுயிரியல் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த வரைபடம். 2019-இல் 'சயன்ஸ்' இதழில் தாமஸ் வான் போக்கெல், ரமணன் லக்ஷ்மிநாராயண் முதலியோர் வெளியிட்ட ஆய்வில் வந்தது அது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த 901 சிறு ஆய்வுகளைத் தேடி எடுத்து ஒன்றாகக் கோத்தார்கள். ஒவ்வோர் ஆய்வும் ஒரு பகுதியில், ஒரு காலத்தில், சில பண்ணைகளிலோ சந்தைகளிலோ மாதிரி எடுத்து, "இத்தனை கிருமிகளில் இத்தனை சதவீதம் இந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லை" என்று சொன்ன ஆய்வு. இ.கோலை, சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என நான்கு வகைக் கிருமிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தரவு முழுவதையும் 'ரெசிஸ்டன்ஸ்பேங்க்' என்ற இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள்.

ஆக, அந்த எண்களுக்குப் பின்னால் உள்ளது அரசுகளின் கண்காணிப்பு அல்ல. உள்ளூர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பேராசிரியர்களும் மாணவர்களும் கிடைத்த காசில் செய்த வேலை. ஒரு முதுகலை மாணவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்ப் பஞ்சுக்குச்சியில் எடுத்து வந்த மாதிரி, அவர் கையால் வளர்த்த கிருமி, அவர் ஸ்கேல் வைத்து அளந்த வட்டம். இவர்கள் இல்லாவிட்டால் உலக வரைபடத்தில் ஆசியாவும் ஆப்பிரிக்காவும் வெறும் வெள்ளைத் தாளாக இருந்திருக்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அதே ஆய்வில், மக்கள்தொகைக்கு இத்தனை ஆய்வுகள் என்று கணக்கிட்டுப் பார்த்தபோது, அந்த எண்ணிக்கைக்கும் நாட்டின் தலா வருமானத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. பணம் அதிகம் உள்ள நாடு அதிகம் எண்ணுகிறது என்று இல்லை. ஏழ்மையைக் காரணம் காட்டிக் கண்காணிப்பைத் தள்ளிப்போடும் அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வரைபடம் என்ன சொன்னது? அவர்கள் ஓர் அளவுகோலை வைத்தார்கள். ஓர் ஆய்வில் பத்து மருந்துகளைச் சோதித்திருந்தால், அதில் எத்தனை மருந்துகளுக்குப் பாதிக்கும் மேற்பட்ட கிருமிகள் அடங்கவில்லை என்று பார்ப்பது. 2000-இல் கோழிகளில் இந்த விகிதம் 0.15. 2018-இல் 0.41. பன்றிகளில் 0.13-இலிருந்து 0.34. அதாவது 2000 வாக்கில் கோழிகளில் ஏழு மருந்துகளில் ஒன்று இந்தக் கதியில் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் ஐந்தில் இரண்டு அப்படி ஆகிவிட்டது. மிகப் பெரிய சிக்கல் மையங்களாகச் சீனாவும் இந்தியாவும் தெரிந்தன. இந்தியாவுக்குள் தெற்கும் வடகிழக்கும். பிரேசிலிலும் கென்யாவிலும் புதிதாகத் தலைதூக்குவது தெரிந்தது. எதிர்ப்பு அதிகம் இருந்தது டெட்ராசைக்ளின், சல்ஃபா, பென்சிலின் வகைகளுக்கு. கால்நடைகளுக்கு ரொம்ப காலமாக அதிகம் கொடுக்கப்படுபவையும் இவைதான். உலகில் விற்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் சுமார் 73 சதவீதம் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத்தான் போகிறது என்ற கணக்கையும் அதே ஆய்வு சொல்கிறது.

நம்பலாமா என்பதற்கு வருவோம். திசையை நம்பலாம், நிறத்தை அப்படியே நம்பக் கூடாது. ஆய்வு நடந்த இடங்களின் நடுவே இருக்கும் காலி இடங்களைக் கணித மாதிரியால் நிரப்பியிருக்கிறார்கள். அமேசான், ஆண்டிஸ் மலைப்பகுதி, மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா போன்ற இடங்களில் கணிப்பின் நிச்சயமின்மை அதிகம் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாவட்டம் சிவப்பாகத் தெரிந்தால் அங்கே நிலைமை மோசம் என்றும் கொள்ளலாம், அக்கம்பக்கத்தில் யாரோ நன்றாகத் தேடிப் பார்த்திருக்கிறார்கள் என்றும் கொள்ளலாம். வெளிறித் தெரியும் நாட்டில் கோழிகள் சுத்தமாக இருக்கின்றன என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

நம்பிக்கையைக் குலைக்கும் காரணங்களில் மூன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை இவற்றின் கிளைகள்.

முதலாவது, எந்தக் கோழியிடம் மாதிரி எடுத்தோம் என்பது. டென்மார்க் 1995 முதல் 'டான்மேப்' என்ற திட்டத்தில் ஆண்டுதோறும் எண்ணி வருகிறது. அங்கே விலங்குகள் பெரிய இறைச்சிக் கூடங்கள் வழியாகத்தான் சந்தைக்குப் போக வேண்டும். அங்கே நின்றால் நாடே கண்முன் கடந்து போகும். நம்மைப் போன்ற நாடுகளில் கறிக்கோழி பண்ணையிலிருந்து வண்டியேறி, தெருமுனைக் கடையில் கூண்டிலிருந்து எடுத்து அங்கேயே அறுபடுகிறது. பண்ணைகளின் முழுப் பட்டியல்கூட பல நாடுகளில் கிடையாது. எனவே ஆய்வாளர் தனக்குத் தெரிந்த பண்ணைக்கு, உள்ளே விடுகிற பண்ணைக்குப் போகிறார். இல்லையென்றால், நோயறிய ஆய்வகத்துக்கு வந்த செத்த கோழியிலிருந்தே கிருமியை எடுத்துக்கொள்கிறார். இது பெரிய சறுக்கல். ஆய்வகம் வரைக்கும் வருகிற கோழி ஏற்கெனவே இரண்டு மூன்று மருந்து பார்த்து, எதுவும் கேட்காமல் வந்த கோழி. அதன் கிருமியில் எதிர்ப்பு அதிகமாகத்தான் இருக்கும். அந்த எண்ணை எடுத்து நாட்டில் உள்ள எல்லாக் கோழிகளின் எண் என்று எழுதக் கூடாது. கண்காணிப்புக்கு வேண்டியது நல்லாயிருக்கிற, நாளைக்குக் கடைக்குப் போகப்போகிற கோழியின் குடலில் என்ன இருக்கிறது என்பது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, கோழிகளை எண்ணிவிட்டுப் பண்ணைகளை மறப்பது. ஒரே கொட்டகையில் வளரும் கோழிகள் ஒரே தண்ணீர், ஒரே தீவனம், ஒரே தரை. ஒன்றின் குடலில் இருப்பது வாரத்தில் எல்லாவற்றின் குடலுக்கும் வந்துவிடும். ஒரு கொட்டகையில் ஐம்பது கோழிகளிடம் மாதிரி எடுத்தால் அது கிட்டத்தட்ட ஒரே தகவல்தான். ஐம்பது கொட்டகைகளில் கொட்டகைக்கு ஒன்று எடுத்தால் ஐம்பது தகவல். பஞ்சாபில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியக் கோழிப்பண்ணைகள் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் நல்ல ஆய்வு. 18 பண்ணைகள், 530 கோழிகள், 1,556 இ.கோலை கிருமிகள். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்துகளைச் சிதைக்கும் ஈ.எஸ்.பி.எல். என்ற நொதியைச் சுரக்கும் கிருமிகள் கறிக்கோழிகளில் 87 சதவீதமும் முட்டைக்கோழிகளில் 42 சதவீதமும் இருந்தன. கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பது முக்கியமான கண்டுபிடிப்பு. வளர்க்கும் முறையும் மருந்துப் பழக்கமும் வேறு என்பதன் தடயம் அது. ஆனால் இதே 87 சதவீதம் நாட்டுக்கே பொருந்துமா என்று எடைபோடும்போது நான் 1,556-ஐப் பார்க்க மாட்டேன், 18-ஐத்தான் பார்ப்பேன்.

இரண்டாவது, ஆய்வக மேசையில் நடப்பது. பலருக்கு இது தெரியாது என்பதால் கிட்டத்தில் போய்க் காட்டுகிறேன். வட்டமான பிளாஸ்டிக் தட்டில் முல்லர் ஹின்டன் அகார் என்ற ஊடகத்தை 4 மி.மீ. உயரத்துக்கு ஊற்றி உறைய விடுகிறோம். கோழிக் குடலிலிருந்து பிரித்தெடுத்த இ.கோலையை உப்புக் கரைசலில் கலந்து, கலங்கலை ஒரு நிர்ணய அளவுக்குக் கொண்டுவந்து, பஞ்சுக்குச்சியால் தட்டு முழுக்கத் தடவுகிறோம். மேலே மருந்து ஏற்றிய சின்னக் காகித வில்லைகளை இடைவெளி விட்டு வைக்கிறோம். இரவு முழுக்க வெதுவெதுப்பான இன்குபேட்டரில். காலையில் எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமிப் படலம் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்யும் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறோம். பெரிய வட்டம் என்றால் மருந்து கேட்கிறது. வட்டமே இல்லை என்றால் கிருமி வில்லையின் விளிம்பு வரை வளர்ந்து நிற்கிறது.

அகாரை 6 மி.மீ. ஊற்றிவிட்டால் மருந்து ஆழத்தில் கலைந்து வட்டம் சுருங்கும். கிருமியை அடர்த்தியாகத் தடவினாலும் சுருங்கும். வில்லைப் புட்டி கோடைக்காலத்தில் மின்வெட்டு நேரம் குளிர்பதனம் இல்லாமல் கிடந்தாலும் சுருங்கும். இந்தத் தவறுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன என்பதைக் கவனியுங்கள்: எதிர்ப்பு இல்லாத கிருமியை எதிர்ப்புள்ளதாகக் காட்டும் பக்கம். இதைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு வாரமும் ஏ.டி.சி.சி. 25922 என்ற, உலகமெங்கும் ஒரே குணமுள்ள தரக்கட்டுப்பாட்டு இ.கோலையை அதே தட்டு, அதே வில்லையில் சோதித்து, வட்டம் உரிய எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைப்பது. ஒரு கட்டுரையில் இந்த வரி இல்லையென்றால் அதன் சதவீதங்களை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அளந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. எத்தனை மி.மீ.க்குக் கீழே போனால் 'எதிர்ப்பு' என்று எழுதுவது? அதற்கான அட்டவணையை அமெரிக்காவில் ஒரு குழுவும் ஐரோப்பாவில் ஒரு குழுவும் வெளியிடுகின்றன. இரண்டும் ஒன்றல்ல, ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். கோழிப்பண்ணைகளில் தண்ணீரில் கலந்து கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசினின் உறவுக்கார மருந்து சிப்ரோஃப்ளாக்சசின். இ.கோலைக்கு அதன் எல்லை அமெரிக்க அட்டவணையில் 2018 வரை 15 மி.மீ. அல்லது அதற்குக் கீழே. 2019-இல் அதை 21 ஆக உயர்த்தினார்கள். 18 மி.மீ. வட்டம் காட்டிய ஒரு கிருமி 2018-இல் 'இடைநிலை'. அதே கிருமி, அதே வட்டம், 2019-இல் 'எதிர்ப்பு'. கோழியில் எதுவும் மாறவில்லை. புத்தகத்தில் 'ஆர்' (எதிர்ப்பு), 'எஸ்' (மருந்து கேட்கிறது) என்று ஆங்கில எழுத்தை மட்டும் எழுதி வைத்த ஆய்வகத்துக்கு அந்த ஆண்டு எதிர்ப்பு திடீரென்று ஏறியதாகத் தெரியும்; எதனால் ஏறியது என்று திரும்பிப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. மில்லிமீட்டரை எழுதி வைத்திருந்தால் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் புதிய எல்லையில் ஐந்து நிமிடத்தில் மறுபடி கணக்கிட்டுவிடலாம்.

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் விஷயம் இன்னும் மோசம். அதன் மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. எனவே வில்லை முறையில் அதைச் சோதிக்கவே கூடாது; திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்ப்பதுதான் முறை என்று அந்த இரண்டு குழுக்களும் சேர்ந்தே சொல்லிவிட்டன. இருந்தும் வில்லை வைத்துக் கோலிஸ்டின் சதவீதம் போட்ட கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

மூன்றாவது காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: தொடர்ச்சி இல்லாமை. 2009-இல் ஒருவர் ஓர் ஊரில் முட்டைக்கோழியில் சால்மோனெல்லா பார்த்தார். 2015-இல் வேறொருவர் பக்கத்து ஊரில் கறிக்கோழியில் இ.கோலை பார்த்தார். இரண்டையும் இணைத்துக் கோடு போட்டால் கோடு ஏறும் அல்லது இறங்கும். அதற்கு அர்த்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நடுவில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் பண்ணையாளர்களோடு பேசும்போதெல்லாம் இது வருகிறது. "முட்டையில, கறியில மருந்து இல்லைன்னு டெஸ்ட் பண்ணித்தானே அனுப்புறோம்?" என்பார்கள். நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போவதற்கு முன் பார்ப்பது மருந்தின் மிச்சம் உணவில் தங்கியிருக்கிறதா என்பது. 2014-இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்தில் வாங்கிய 70 கோழி மாதிரிகளில் 40 சதவீதத்தில் மருந்து மிச்சம் இருந்ததாக வெளியிட்டு பரபரப்பானதும் இதைப் பற்றித்தான். மருந்தை நிறுத்திச் சில நாள் கழித்து விற்றால் மிச்சம் போய்விடும். ஆனால் அந்த மருந்தால் கோழியின் குடலில் தேறி நின்ற எதிர்ப்புக் கிருமி போகாது. அது எச்சத்தோடு எருவாக வயலுக்கும், அறுக்கும்போது கத்திக்கும் பலகைக்கும், பண்ணையில் வேலை செய்பவரின் கைக்கும் போகும். மிச்சம் பூஜ்யமாக உள்ள கறியிலும் எதிர்ப்புக் கிருமி நிறைய இருக்க முடியும். இரண்டும் தனித்தனிச் சோதனைகள். ஒன்றின் சான்றிதழ் மற்றதற்குப் பதில் ஆகாது.

விலங்கிலிருந்து மனிதனுக்கு எவ்வளவு போகிறது என்பதை அளப்பது எல்லாவற்றிலும் கடினம். கென்யாவின் நைரோபியில் நடந்த ஒரு வேலையை இங்கே சொல்ல வேண்டும். நகருக்குள் ஆடு, மாடு, கோழி வளர்க்கும் வீடுகளையும் வளர்க்காத வீடுகளையும் சேர்த்து 99 வீடுகளைத் தேர்ந்து, அங்கிருந்த மனிதர்களிடமும் விலங்குகளிடமும் எடுத்த 1,338 இ.கோலை கிருமிகளின் முழு மரபணுத் தொடரையும் படித்தார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வுதான், ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களிடையே கிருமிகள் எப்படிப் பகிரப்படுகின்றன என்பதை ஊகமாக இல்லாமல் ஆதாரத்தோடு பார்க்க வைத்தது. இதெல்லாம் ஐரோப்பாவில் செய்து காட்ட முடியாதது. வாசலில் ஆடும், திண்ணையில் கோழியும், உள்ளே குழந்தையும் இருக்கும் வாழ்க்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

இப்போது எண்ணுவதால் என்ன பயன் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி. சீனாவில் உணவு விலங்குகளின் இ.கோலையை வழக்கமாகக் கண்காணித்து வந்த ஒரு குழு, கோலிஸ்டினுக்கு எதிர்ப்பு வேகமாகக் கூடுவதைக் கவனித்தது. மனிதர்களில் வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று அது. சீனாவில் பன்றித் தீவனத்தில் எடை கூடுவதற்காக டன் கணக்கில் கலந்துகொண்டிருந்தார்கள். ஏன் கூடுகிறது என்று தோண்டியபோது, ஷாங்காயில் ஒரு பண்ணைப் பன்றியிடம் எடுத்த கிருமியில் கோலிஸ்டினுக்கு எதிர்ப்பைத் தரும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு கிடைத்தது. அது இருந்தது பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில், ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்கு அப்படியே கைமாறக்கூடிய இடத்தில். 2015 நவம்பரில் இதை வெளியிட்டதும் உலகெங்கும் ஆய்வகங்கள் தங்கள் உறைபெட்டிகளைத் திறந்து பழைய கிருமிகளைச் சோதித்தன. சீனாவிலேயே 1980-களில் கோழிகளிடம் எடுத்து வைத்திருந்த கிருமிகளில் அந்த மரபணு இருந்தது தெரிந்தது. முப்பது ஆண்டுகளாக இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் தெரியவில்லை.

சீன அரசு 2017 ஏப்ரல் இறுதியோடு வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. அதன்பின் எண்ணியதுதான் அழகு. தீவனத்தில் சேர்க்கும் கோலிஸ்டின் கலவையின் உற்பத்தி 2015-இல் 27,170 டன். 2018-இல் 2,497 டன். பன்றிகளில் கோலிஸ்டினுக்குக் கட்டுப்படாத இ.கோலை 2015-16-இல் 34 சதவீதம், 2017-18-இல் 5.1 சதவீதம். ஒரு மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு இறங்குமா, இல்லை ஒருமுறை வந்தால் வந்ததுதானா என்று வருஷக்கணக்காக வாதம் நடந்துகொண்டிருந்தது. எல்லா மருந்துக்கும் இவ்வளவு வேகமாக இறங்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தடைக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் எண்ணியதால்தான் இந்த ஒரு மருந்துக்காவது விடை கிடைத்தது. இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் தயாரித்து விற்பதைத் தடை செய்தது. தடைக்கு முன் எவ்வளவு இருந்தது என்ற தேசிய அளவிலான தொடர் எண்ணிக்கை நம்மிடம் சீனாவைப் போல இல்லை. நல்ல முடிவின் பலனை அளக்க முடியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

நம்மிடம் எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து கால்நடைக்கும் மீனுக்கும் 'இன்ஃபார்' என்ற வலையமைப்பைத் தொடங்கியிருக்கின்றன. பல மாநில ஆய்வகங்கள் ஒரே வழிமுறையில் தரவு தருகின்றன. உலக அளவில் விலங்கு சுகாதார அமைப்பு 2015 முதல் எந்த நாடு விலங்குகளுக்கு எவ்வளவு மருந்து பயன்படுத்துகிறது என்று கேட்டு வாங்குகிறது. ஆனால் ஏழை நாடுகள் பலவற்றில் கையில் இருப்பது இறக்குமதிக் கணக்கு மட்டும்தான். துறைமுகத்தில் இறங்கிய டன் எந்தக் கொட்டகைக்குப் போனது என்று அது சொல்லாது. பயன்பாட்டை அறிய எனக்குப் பிடித்த முறை வியட்நாமின் மீகாங் டெல்டாவில் கோழி வளர்ப்பவர்களிடம் செய்தது: பண்ணைக்கு ஒரு தொட்டி கொடுத்து, காலியான மருந்துப் பாக்கெட்டையும் புட்டியையும் அதில் போடச் சொல்லிவிடுவது. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டால் "சளிக்கு ஒரு பவுடர், கழிச்சலுக்கு ஒரு தண்ணி மருந்து" என்றுதான் பதில் வரும். பாக்கெட்டில் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும். ஒரே பொட்டலத்தில் இரண்டு ஆன்டிபயாடிக் கலந்திருப்பதும், வைட்டமின் என்று நினைத்து வாங்கியதில் ஆன்டிபயாடிக் இருப்பதும் இப்படித் தேடும்போதுதான் வெளியே வரும்.

குறைந்த செலவில் நாடுகளை ஒப்பிட வழி கேட்டால் நான் கைகாட்டுவது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 'ட்ரைசைக்கிள்' நெறிமுறையை. எல்லாக் கிருமியையும் எல்லா மருந்தையும் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, ஈ.எஸ்.பி.எல். இ.கோலை என்ற ஒன்றை மட்டும் மூன்று இடங்களில் பார்க்கச் சொல்கிறது அது: மனிதர்களில், சந்தைக் கோழியில், நகரத்தின் நீர்நிலைகளில். சந்தையில் அறுத்த கோழியின் குடல் முடிவில் இரட்டைப் பையாக இருக்கும் சீக்கத்தை வாங்கி வந்து, அதன் உள்ளடக்கத்தை மருந்து கலந்த அகாரிலும் கலக்காத அகாரிலும் பூசி இரண்டிலும் வளர்ந்ததை எண்ணினால், மொத்தத்தில் எத்தனை பங்கு எதிர்ப்புக் கிருமி என்று தெரியும். ஆற்றில் ஊருக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் எடுத்து அதையே செய்வார்கள். மடகாஸ்கர், கானா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் இதை நடத்திப் பார்த்தார்கள். மரபணு வாசிக்கும் இயந்திரம் இதற்குத் தேவையில்லை. ஒரு மாவட்டத் தலைநகர ஆய்வகத்தில் இருக்கும் சாமான் போதும்.

பெரிய இயந்திரங்களைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு. பிரிட்டன் 2015-இல் அறிவித்த ஃபிளெமிங் நிதி, 26.5 கோடி பவுண்டு, ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆய்வகங்களை எழுப்பியது, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அருமையான வேலை. 2025 ஜூலையில் அந்த நிதியை நிறுத்துவதாகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்துவிட்டது. வெளியிலிருந்து வந்த காசில் வாங்கிய இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் ரசாயனப் புட்டிகளும் பராமரிப்பு ஒப்பந்தமும் வேண்டும். காசு நின்ற மாதமே அது மேசைமேல் உறையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அகார் தட்டும் வில்லையும் பயிற்சி பெற்ற இரண்டு பேரும் சொந்த பட்ஜெட்டில் நிற்கும். 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் கூடிய நாடுகள், உணவு, வேளாண் துறையில் இந்த மருந்துகளின் அளவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதாக உறுதி சொல்லியிருக்கின்றன. எண்ணாத நாட்டில் குறைந்ததா இல்லையா என்று யார் சொல்வது? ஆகவே பத்து இடத்தில் இயந்திரம் வைப்பதைவிட ஐம்பது இடத்தில் தட்டு வைப்பதற்கே என் வாக்கு.

கடைசிக் கேள்வி, சின்ன ஆய்வகம் வைத்திருப்பவர் என்ன செய்யலாம் என்பது. உங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரே வகைக் கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லடம் பக்கம் என்றால் கறிக்கோழி, நாமக்கல் பக்கம் என்றால் முட்டைக்கோழி. ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், கொட்டகைக்கு ஒரு மாதிரி என்று முடிந்தவரை அதிகக் கொட்டகைகள். நோயில்லாத கோழி மட்டும். இ.கோலை ஒன்று போதும். மருந்துகளின் பட்டியலை முதல் ஆண்டு யோசித்து முடிவு செய்துவிட்டு பிறகு எதையும் நீக்காதீர்கள், சேர்ப்பது பரவாயில்லை. வட்டத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள், தரக்கட்டுப்பாட்டுக் கிருமியின் வட்டத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பதிவுக்கு உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவான 'ஹூநெட்' மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கோலிஸ்டினைத் திரவ முறையில் செய்ய வசதி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தப்பான எண்ணைவிட இல்லாத எண் மேல். கிருமிகளைக் கிளிசராலில் கலந்து உறைபெட்டியில் போட்டு, புட்டியில் தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். இன்று நீங்கள் தேடாத மரபணுவை இருபது ஆண்டு கழித்து ஒருவர் அதில் தேடுவார்.

பண்ணையாளரின் பெயரை வெளியே சொல்லாதீர்கள், ஆனால் முடிவை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். "உங்க கொட்டகையில இந்த மருந்து கேட்காது, காசு கொடுத்து வாங்காதீங்க" என்று சொன்னால் அவருக்கு அது நேரடி லாபம். அடுத்த ஆண்டு கதவைத் திறந்துவிடுவார். முடிவு சின்ன இதழில் வந்தாலும் சரி, மாதிரி எடுத்த ஆண்டு, இடம், கோழி வகை, பண்ணைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு மருந்துக்கும் சோதித்த கிருமிகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தும் அட்டவணையில் தெளிவாக இருக்கட்டும். இந்த ஐந்தில் ஒன்று விடுபட்டால் தொகுப்பாய்வு செய்பவர்கள் உங்கள் உழைப்பு முழுவதையும் ஓரமாக வைத்துவிட நேரும். ஐந்தும் இருந்தால் வரைபடத்தை அடுத்த முறை திருத்தி வரையும்போது உங்கள் மாவட்டத்தின் நிறம் கணிப்பிலிருந்து வராது, நீங்கள் அளந்த எண்ணிலிருந்து வரும்.